ஒற்றைக் கொம்பு

எங்கோ நள்ளிரவு, இங்கே சனிக்கிழமை விடியல் ஐந்தரை.
தலைப்பு வந்தது: உருகுதல்.
நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஒரு ஆட்டம்.
பர்ஹத் உடனே சொன்னாள்,
"ஐஸ் கம்பெனியில் ஒரு பிணம்."
கடலூர் முதுநகரில் இருந்துகொண்டு
வேறு எதை யோசிப்பது.

வலைக்கடைக்கு மேலே மாடி அறை.
ஜன்னலைத் திறந்தால் உப்பனாறு,
காற்று திரும்பினால் சிப்காட்,
மூடினால் மூன்று மடிக்கணினிகளின் சூடு.

ஆட்டம் இதுதான்:
செத்துப்போன ஏலக்காரர் அய்யனாரப்பனின்
கடிகாரமும் ஒரு சீட்டும்
ஐஸ் கட்டிக்குள் உறைந்திருக்கும்.
நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும்
கட்டி ஒரு விரற்கடை கரையும்.
அதிகம் கேட்டால் சீட்டில் மை கலங்கிவிடும்.
கேட்காமல் இருந்தால் ஆள் அகப்படாது.
(வேலைக்கான நேர்காணல் ஒன்றுக்குப்
போய்வந்த வாரம் அது.
விதியை எழுதியது நான்.)

சந்தேக முகங்கள் மூன்று.
நான்காவதை வரைய நேரமில்லை.
அதனால் நான்காமவன் நிரபராதி.

அன்று பின்னிரவு தெய்வசிகாமணி
ஐஸ் உடைக்கும் சத்தம் பிடிக்கப் போனான்.
"எதுக்குத் தம்பி இது?"
"விளையாட்டுக்கு."
"இதுல என்னப்பா விளையாட்டு,"
காவலாளி தன் ஒன்பது விரல்களைக் காட்டினாராம்.
பதிவில் இரும்புப் பல், நொறுங்கல், நொறுங்கல்,
நடுவே அவர் இருமுவது.
இருமலை நாங்கள் வெட்டவில்லை.

திங்கள் அதிகாலை இரண்டு மணி.
என் கணினியில் எல்லாம் சரி.
ஏற்றுமதி செய்த கோப்பில்
ஒற்றைக் கொம்பு ஒன்றுகூட இல்லை.
கால் நிற்கிறது, கொம்பைக் காணோம்.
யாரோ இரவோடு இரவாகக்
கழற்றிப்போன மாதிரி.

துப்பறிவாளர் நிமிர்ந்து கேட்கிறார்:
இந்தக் காலைக்கு யார் காரணம்?
சாட்சி கையை விரிக்கிறார்:
அத்தனையும் பாய்.

பர்ஹத் சிரித்தாள்.
"பார், உன் எழுத்துருவும்
முதலில் பாயைத்தான் பிடிக்குது."
நாங்களும் சிரித்தோம்.
நான் நிறுத்தியபோது
அவள் நிறுத்திச் சற்று நேரம் ஆகியிருந்தது.

மீதி மூன்றரை மணி நேரம்.
சரிசெய்யத் தெரியவில்லை.
"எழுதினதை மாத்து," என்றாள்,
"கொம்பு இல்லாத தமிழ்ல."
இருநூற்றுப் பதினான்கு வசனங்கள்.

பொய் போயிற்று. கூடவே மெய்யும்.
'தெரியாது' போனதால்
சாட்சிகள் 'ஞாபகம் இல்லை' என்றார்கள்,
கேட்க அது இன்னும் மோசமாக இருந்தது.
'சொல்லுடா' போனதால்
எங்கள் துப்பறிவாளர் முதல் தடவையாக
'பேசுங்க' என்றார்.
அதுவரை 'மீன் விற்கும் பெண்' என்று மட்டும் இருந்தவளுக்கு
ஒரு பேர் வைக்க வேண்டி வந்தது: அஞ்சலாட்சி.
பேர் வைத்ததும் எனக்கு அவளைப் பிடிக்கக் கை வரவில்லை.
கதையின் முடிவை மூன்றே முக்காலுக்கு மாற்றினேன்.
நன்றிப் பட்டியலில் தெய்வசிகாமணி
வெறும் சிகாமணி ஆனான்.
"சாமியை எடுத்துட்டீங்களேடா," என்றான் பாதித் தூக்கத்தில்.

கொலையை மட்டும் மாற்றவில்லை.
அந்தக் கேள்வி அப்படியே நிற்கட்டும் என்று விட்டோம்.

ஐந்து பத்துக்கு ஏற்றினோம்.
முகத்துவாரத்தில் படகுகள்.
கீழே யாரோ ஷட்டரைத் தூக்கினார்கள்.

மறுவாரம் கணக்குப் பார்த்தேன்.
பதினாறு பேர் ஆடியிருக்கிறார்கள்.
பதினைந்து பேர் யாரையோ பிடித்துவிட்டார்கள்.
ஒருவர் மட்டும் எதையுமே கேட்கவில்லை.
கட்டி கரையாமல்,
கடிகாரம் உள்ளே அப்படியே இருக்க,
நாற்பது நிமிடம்
அந்த இருமலைக் கேட்டபடி நின்றிருக்கிறார்.